காவ் வீட்டு மாப்பிள்ளையும் தாவ் வீட்டுப் பெண்ணும்

காவ் வீட்டுக் கல்யாண நாள் கதவு தட்டும் சத்தத்தோடுதான் விடிந்தது.

"சூயுன்! அடியே சூயுன்! காது செவிடாயிடுச்சா உனக்கு? மாப்பிள்ளைக்குத் தலைவார வந்த அம்மா கூடத்துல உட்கார்ந்து டீ மேல டீயாக் குடிச்சுக்கிட்டிருக்காங்க. கதவைத் திறடி!"

வெளியே நின்று கத்தியவள் ஃபாங். சூயுனின் ஓரகத்தி, அந்த வீட்டின் மூத்த மருமகள். புருஷன் இறந்த பிறகும் அடுப்படிச் சாவியை இடுப்பிலிருந்து இறக்காதவள். அவள் குரல் எழும்பினால், நெல் மது வடித்து விற்கும் அந்த வீட்டு முற்றத்தில் ஜாடிகளின் வாய்க்குக் களிமண் பூசுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள்.

உள்ளே சூயுன் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் மாப்பிள்ளை வென்லாங் உட்கார்ந்து, நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆமாம், 'இருந்தாள்' என்றுதான் சொல்ல வேண்டும். ஷாவோஷிங் ஊரே 'காவ் வீட்டுப் பையன்' என்று நம்பிக்கொண்டிருந்த வென்லாங் ஒரு பெண். பதினெட்டு வயதாகியும் மீசை அரும்பவில்லையே என்று யாராவது கேட்டால், படிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று தகப்பனார் காவ் திங் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பாவம் மனிதர். பிரசவம் பார்த்து, பையன் என்று வெளியே சொன்ன கிழவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெற்றவளையும் பெண்ணையும் தவிர இந்த ரகசியம் ஈ எறும்புக்கும் தெரியாது என்று சூயுன் நினைத்திருந்தாள்.

"நானே வாரி முடிச்சிட்டேன் அக்கா! நீங்க போய்ப் பந்தி வேலையைப் பாருங்க..."

"நீயே வாரினியா! பிள்ளைகுட்டியோட நிறைவா வாழுறவ வாரணும்டி, அதுதானே முறை? அந்த அம்மாவுக்கு நாலு பையன். அவங்களையும் உள்ள விடமாட்டியா?" ஃபாங்கின் குரல் தழுதழுத்தது. அடுத்த நொடி இன்னும் கூர்மையாக வந்தது. "அன்னைக்கும் கதவைச் சாத்தினே. இன்னைக்கும் சாத்துறே! நடத்து... உன் ராஜ்யம்!"

காலடிச் சத்தம் விலகிப் போனது. சூயுன் கண்ணை மூடிக்கொண்டாள். 'அன்னைக்கும்' என்ற அந்த ஒரு சொல்லை ஃபாங் எந்தச் சண்டையிலும் விட்டுவைத்ததில்லை.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் நடந்தது அது. உறவுப் பெண்கள் எல்லோரும் கூடி, மாசிப்பத்திரி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குழந்தையைக் குளிப்பாட்டும் நாள். முதல் கை நீர் ஊற்ற வேண்டியவள் மூத்த மருமகள் ஃபாங். இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் பறிகொடுத்தவள், அன்றைக்குப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, தன் கையாலேயே அடுப்பு மூட்டி, பித்தளைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆசையாக வந்தாள். சூயுன் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். "என் பிள்ளையைத் தொடாதீங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

வந்த பெண்கள் எல்லோரும் ஃபாங்கைப் பார்த்தார்கள். பிள்ளை தங்காதவள் கை, அதுதான் பயப்படுகிறாள் என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்தாள். ஃபாங் தொட்டியோடு திரும்பிப் போனாள். அன்றிலிருந்து சூயுன் வடித்த கஞ்சியில் குறை, துவைத்த துணியில் குறை, தும்மினால் குறை. சூயுன் ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசியதில்லை. எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள். உண்மையைச் சொல்லி ஆறுதல் தர முடியாதவள், ஏச்சையாவது வாங்கிக்கொள்ளலாமே என்று நினைத்தாள்.

இப்போது அவள் படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தாள்.

"இந்தா. பின்வாசல்ல படகு நிக்குது. உன் மாமா ஊருக்குப் போயிடு. மாப்பிள்ளை பயந்து ஓடிட்டான்னு சொல்லிக்கிறேன். அப்புறம் என்னை வெட்டினாலும் சரி, குத்தினாலும் சரி..."

"நான் போகமாட்டேன் அம்மா."

"என்னடி சொல்றே?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணும்." வென்லாங்கின் உதட்டோரம் சிரிப்பு துடித்தது. "யாதோவைத்தான் கட்டிப்பேன்."

பெண் என்று தெரிந்தே வளர்ந்த பெண்! ஆண் உடுப்பு போட்டுப் போட்டுப் புத்தியும் மாறிவிட்டதா? "ஐயோ, அது ஒரு பொண்ணுடி! நீயும் ஒரு பொண்ணுடி! தலைத்துணியை எடுத்ததும் அந்தப் பிள்ளை கத்தி ஊரைக் கூட்டிட்டா நம்ம கதி என்ன?"

"கத்தாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதைச் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணியிருக்கேன்." பெண் எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கன்னங்களையும் பிடித்தாள். "பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் தெரிஞ்சுடும். என்னை நம்பு அம்மா..."

நம்பவா? சூயுன் இந்தக் கல்யாணத்தை நிறுத்தப் படாத பாடு பட்டிருந்தாள். தாவ் வீடு கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாயப்பட்டறை. ஜாடி மூடும் சிவப்புத் துணி காவ் வீட்டுக்கு அங்கிருந்துதான் வரும். லியாவ் தரகம்மா ஒரு நாள் சாயப்பட்டறை வழியாகப் போனவள், 'எங்க யாதோவ்' என்று அந்த வீட்டம்மா கூப்பிட்டதைக் கேட்டு, பாவாடை கட்டி, காதில் தோடு போட்டு, மூன்று துணிக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போன அந்தப் பிள்ளையைப் பார்த்து, நேரே காவ் திங்கிடம் வந்து நின்றாள். யாதோவ் என்றாலே 'சின்னப் பொண்ணு' என்றுதான் அர்த்தம். தரகம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? காவ் திங் மறு பேச்சில்லாமல் தலையாட்டிவிட்டார்.

கோயிலில் இரண்டு தாய்மார்களும் சந்தித்துப் பேசிய அந்தப் பேச்சை நினைத்தால் சூயுனுக்கு இன்றைக்கும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. தாவ் அம்மா வரும்போதே கண்ணீரும் கம்பலையுமாகத்தான் வந்தாள்.

"எங்க யாதோவ் ரொம்பச் சாப்பிடும்ங்க. ஒரு பானை சோறு பத்தாது."

"எங்க பையன் கோழி கொத்துற மாதிரிதான் சாப்பிடுவான். உடம்புல பலமே கிடையாது" என்றாள் சூயுன், இதைக் கேட்டாவது ஓடிப்போவாள் என்று.

"பார்த்தீங்களா? அரிசிக்கு அரிசி சரியாப் போச்சு!" என்றாள் தரகம்மா.

"எங்க யாதோவுக்குக் கால் படகு மாதிரிங்க. சின்னதா இருக்கணும்னு சின்ன வயசுல துணி சுத்திக் கட்டவே இல்ல."

"எங்க பையனுக்குக் கால் சின்னதும்மா. ஊரே சிரிக்கும்."

"ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு! அளவெடுத்த மாதிரி!"

"எங்க யாதோவுக்குக் குரல் கரகரன்னு... கோபம் வந்தா மாட்டைக்கூடத் தள்ளிடும்."

"எங்க பையன் இருட்டைப் பார்த்தா அழுவான்!"

தரகம்மா கன்னத்தில் கை வைத்துப் பூரித்துப்போனாள். "முப்பது வருஷமாக் கல்யாணம் பேசுறேன். பெத்தவங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேர்மையாப் பேசி நான் பார்த்ததே இல்ல!" இரண்டு தாய்மார்களும் அன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் ஒரே பயம்தான் இருந்தது. தன் பயத்தைத் தவிர வேறெதையும் சூயுன் அப்போது பார்க்கவில்லை.

மேளச் சத்தம் கால்வாய்ப் பக்கம் கேட்டது. பெண் படகு வந்துவிட்டது.

"தம்பி! மாப்பிள்ளைக் கோலம் முடிஞ்சுதா? வெளிய வாடா!" என்று காவ் திங் கதவை இடித்தார். அவரிடம் சாத்திக்கொண்டு நிற்க முடியாது. வென்லாங் சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு, மூட்டையைக் காலால் படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, கம்பீரமாக வெளியே நடந்தாள். சூயுன் பின்னால் போனாள். கூடம் முழுக்க நெல் மது வாசனை, வாத்து வறுத்த வாசனை. உறவுக்காரர்கள் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். கொலைக்களத்துக்குப் போகிறவளுக்கு யாராவது வாழ்த்துச் சொல்வார்களா?

படகிலிருந்து பல்லக்கில் ஏற்றி, பல்லக்கை வாசலில் இறக்கினார்கள். புதுப்பெண்ணின் கால் தரையில் படக்கூடாது. சாக்குகளை வரிசையாக விரித்து, அவள் தாண்டிய சாக்கை எடுத்து மறுபடி முன்னால் போட்டு, அப்படியே சாக்கு மேலேயே கூட்டிக்கொண்டு வருவார்கள். வம்சம் விட்டுப்போகாமல் வரும் என்பது கணக்கு. முதல் சாக்கில் பெண் காலை வைத்தாள். சாக்கு டர்ரென்று கிழிந்தது.

"அடேங்கப்பா! என்ன காலு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"வம்சம் இதுல ஓடியே வந்துடும்!" என்றது இன்னொன்று. ஒரே சிரிப்பு. தலைத்துணிக்குள்ளிருந்து பெண்ணும் சிரித்தது போல் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சூயுன் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

பெண் வாசற்படியைத் தாண்டினாளோ இல்லையோ, கால்வாய்ப் படிக்கட்டில் ஓலம் கேட்டது. இன்னொரு படகு முட்டி நின்றது. பெண்ணைப் பெற்றவள் கூட வருவது வழக்கமில்லை. ஆனால் தாவ் அம்மாதான் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"தாண்டிட்டியா? படியைத் தாண்டிட்டியா என் ராசா? தாண்டிட்டான்! என் மகன் பிழைச்சிட்டான்! என் மகனே... என் ஜெங்கே!"

மேளம் நின்றது.

"மகனா?" என்றார் காவ் திங்.

பெண் தலைத்துணியைத் தானே இழுத்தெறிந்தது. பவுடர் பூசிய முகத்தில் நேற்றுச் சிரைத்த தாடி பச்சையாகத் தெரிந்தது.

தாவ் அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். "மன்னிச்சிடுங்க ஐயா... மூணு ஆம்பளைப் பிள்ளையை வரிசையா வாரிக் குடுத்தவ நான். இவனாவது தங்கணுமேன்னு ஜோசியர்கிட்டப் போனேன். பொண்ணு மாதிரி வளர்த்து, பொண்ணுன்னே கூப்பிடு, கல்யாணப் படி தாண்டுற வரைக்கும் வாயைத் திறந்து மகன்னு சொல்லாதே, சொன்னா அது காதுல விழுந்துடும்னாரு. பிள்ளைங்களைக் கொண்டுபோற அந்தக் காத்துக்கருப்பு கேட்டுடுமேன்னு பயந்து... நான் எப்படிங்க உங்ககிட்ட வேணாம்னு சொல்லுவேன்? காரணம் கேட்டா என்ன சொல்லுவேன்?"

அந்த ஊரில் ஆண் பிள்ளைக்கு ஒற்றைத் தோடு போடுவதும், 'நாய்க்குட்டி', 'சின்னப் பொண்ணு' என்று பேர் வைப்பதும் எல்லோரும் செய்கிறதுதான். இவள் மட்டும் அதைக் கல்யாணம் வரைக்கும் இழுத்துவிட்டாள். நாலைந்து பெண்கள் அனுதாபமாக உச்சுக் கொட்டவும் செய்தார்கள்.

காவ் திங்குக்கு அனுதாபம் வரவில்லை. அவர் முகம் மது வண்டல் போலச் சிவந்தது. "என் ஒரே பையனுக்கு ஒரு தடியனைக் கட்டி வைக்கப் பார்த்தீங்களா? ஊர் முன்னால என் மூஞ்சியில கரியா பூசுறீங்க?" ஜாடி தூக்கும் மூங்கில் கம்பை எடுத்துவிட்டார். "பிடிச்சுக் கட்டுங்கடா இவனை! வீடு புகுந்து ஏமாத்தினவன்னு நீதிபதி முன்னால நிறுத்தி, உடம்புல தோலில்லாமப் பண்றேன்!"

ஆட்கள் பாய்ந்தார்கள். முதல் அடி அந்தப் பையனின் தோளில் விழுந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை; மாட்டைத் தள்ளக்கூடியவன் தலையைக் குனிந்து நின்றான்.

"அடிக்காதீங்க அப்பா!" வென்லாங் குறுக்கே விழுந்தாள்.

"நகருடா! உனக்காகத்தாண்டா அடிக்கிறேன்!"

கம்பு மறுபடி ஓங்கியது. சூயுன் எல்லாவற்றையும் ஒரே நொடியில் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் அவளுக்கு எதுவும் ஆகாது. கல்யாணம் நின்றுபோகும். பிள்ளை 'பையனாகவே' இருக்கும். பல மாதமாகச் சாமியிடம் அவள் கேட்டது இதைத்தானே? வாயைத் திறந்தால் வீடு போகும், புருஷன் போவார், மகளை ஊர் சந்தி சிரிக்கும். ஆனால் அந்தப் பையனைப் பெற்றவள் தரையில் கிடந்து கதறிக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் காப்பாற்றப் பொய் சொன்னவள். சூயுனைப் போலவே.

"நிறுத்துங்க!"

அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"பொருத்தம்... பொருத்தம் சரியாத்தாங்க இருக்கு. அந்தப் பிள்ளையை விட்டுடுங்க. அது பையன்னா... நம்மது பொண்ணுங்க!"

தரகம்மா மெதுவாக ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"என்ன உளறுறே?" என்றார் காவ் திங். அவர் மகனைப் பார்த்தார். வென்லாங் தலைப்பாகையைக் கழற்றினாள். முடி இடுப்பு வரை அவிழ்ந்து விழுந்தது. காவ் திங்கின் கையிலிருந்து கம்பு நழுவியது.

"அப்பா, எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியும்" என்றாள் அவள் அழுதுகொண்டே. "துணி எடுக்கப் போன அன்னைக்குப் படகு கவிழ்ந்து ரெண்டு பேரும் தண்ணியில விழுந்துட்டோம். கரையேறினப்போ... ஈரத்துணி பொய் சொல்லுமா? அவர் உயிருக்கு ஆபத்துன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். அதான் அம்மாகிட்டகூடச் சொல்லல..."

காவ் திங் அவளைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார். "பதினெட்டு வருஷம்... பதினெட்டு வருஷமா என்னை முட்டாளாக்கினியா? என் பையன், என் பையன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு அலைஞ்சேனே! இன்னொருத்தியைக் கட்டுன்னு எத்தனை பேர் சொன்னாங்க, எனக்குத்தான் பிள்ளை இருக்கேன்னு சிரிச்சேனே! ஏண்டி? உன் இடம் போயிடும்னா? அதுக்காகவா?"

சூயுனிடம் காரணம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் செத்துப்போன மாமியாரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தியதாகும். புருஷன் தினமும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடும் தாய். சூயுன் குனிந்து கும்பிட்டாள்.

"ஆமாங்க. தப்பு என்னுதுதான். குழந்தை மேல கோபப்படாதீங்க. நான் போயிடறேன்."

நடக்கத் திரும்பினாள். யாரோ அவள் மணிக்கட்டை இரும்பாகப் பிடித்தார்கள். ஃபாங்.

"இரு." ஃபாங்கின் முகத்தில் இரத்தமே இல்லை. "அன்னைக்குக் கதவைச் சாத்தினியே... குளிப்பாட்டும்போது பொண்ணுன்னு தெரிஞ்சுடும்னா? அதுக்காகவா? என் கை ராசியில்லாத கைன்னு இல்லையா?"

"அக்கா!" சூயுன் உடைந்தாள். "உங்க கையையா? இந்த வீட்டுல உங்க ஒருத்தர் கையிலதான் குடுக்கத் தோணுச்சு எனக்கு... ஆனா உங்க பின்னாலயே அத்தை நின்னாங்களே... கையில தொட்டித் தண்ணியோட எல்லாரும் வந்தீங்களே... தொட்டியைப் பார்த்ததும் எனக்கு..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொட்டியைப் பார்த்தா என்ன?" என்றார் காவ் திங். "என்ன சொல்ல வந்தே? எங்கம்மா என்ன?"

"ஒண்ணுமில்லைங்க..."

"அவ சொல்லமாட்டா. நான் சொல்றேன்." ஃபாங் கொழுந்தனுக்கு நேரே போய் நின்றாள். "உங்களுக்கு இதுக்கு முன்னால ஒண்ணு பிறந்துச்சே, நீங்க மது விக்க ஹாங்சோ போயிருந்தப்போ. செத்துப் பிறந்துச்சுன்னு உங்கம்மா சொன்னாங்கல்ல? அது செத்துப் பிறக்கல தம்பி. அழுதுச்சு. நல்லா வீறிட்டு அழுதுச்சு. பக்கத்து அறையில நான் கேட்டேன். பொண்ணுன்னு உங்கம்மா சொன்னது கேட்டுச்சு. அப்புறம் தொட்டியில தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம்... அழுகையைக் காணோம்."

"அண்ணி!"

"எனக்கும் புருஷன் வீட்டுச் சோறு. பிள்ளை தங்காதவ எந்த வாயோட பேசுவேன்? பேசாம இருந்துட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது, மயக்கத்துல இருந்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா இவளும் கேட்டிருக்கா! கேட்டுட்டு, உங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் மலம் அள்ளிக் கொட்டியிருக்கா! இன்னைக்கும் அவங்க பேரை எடுக்காம மூட்டை கட்டுறா! இவளைத்தான் நான் இத்தனை வருஷமும் வறுத்தெடுத்தேன்... நான் மனுஷியா?"

ஃபாங் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மாள் அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சூயுன் அவள் கைகளைப் பிடித்துத் தடுத்தாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

காவ் திங்கும் மனைவிக்கு எதிரில், அத்தனை விருந்தாளிகள் முன்னால், வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"நிஜமா?"

சூயுன் தலையை அசைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கம்மாங்க... சொன்னா நீங்க யாரைங்க வெறுப்பீங்க? எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை வெறுத்துத்தானே ஆகணும்?"

அவர் வாய் கோணியது. "எப்படி... எப்படி இருந்துச்சு அது? யார் சாயல்?"

"பார்க்க விடலைங்க" என்றாள் சூயுன். "சத்தம் மட்டும்தான் கேட்டேன்."

அந்த மனிதர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு குலுங்கினார். யாரை வெட்டுவேன், யாரைக் கட்டுவேன் என்று நின்றவர், குழந்தை மாதிரி அழுதார். வென்லாங் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்புறம் அடிபட்ட பையனையும் பார்த்தார்.

"வலிக்குதாடா?"

"இல்லைங்க மாமா" என்றான் கரகரக் குரலில்.

"பலமாத்தானே அடிச்சேன்!" என்றார் காவ் திங், கொஞ்சம் வருத்தமாக. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு லியாவ் தரகம்மாவை யாராலும் பிடிக்க முடியவில்லை. வாத்து ஆறுகிறது, நல்ல நேரம் போகிறது, அளவெடுத்த பொருத்தம் என்று நான் அப்பவே சொல்லலையா என்று பறந்தாள். பல்லக்கில் வந்து படி தாண்டியவன் காவ் வீட்டுக்கே சொந்தம் என்றார் காவ் திங். என் ஒரே பிள்ளையை வீட்டோடு மாப்பிள்ளையாக விடமாட்டேன் என்று தாவ் அம்மா மறுபடி தரையில் விழப் பார்த்தாள். ஃபாங்தான் மூக்கைச் சிந்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: பெண் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் வாழட்டும், முதல் பேரன் தாவ் பேரைச் சுமக்கட்டும், அடுத்தது ஆணோ பெண்ணோ காவ் பேரில் இந்த வீட்டுக்கு வரட்டும். 'ஆணோ பெண்ணோ' என்பதை அவள் இரண்டு தடவை சொன்னாள். காவ் திங் மறுக்கவில்லை.

உள்ளே உடுப்பு மாறியது. மாப்பிள்ளை அங்கி பையனுக்கு முழங்கையோடு நின்றுபோனது. அவன் போட்டு வந்த கல்யாணச் செருப்பில் வென்லாங்கின் பாதம் தொலைந்துபோனது. பஞ்சை அடைத்தும் நிற்கவில்லை. இந்தத் தடவை கதவு திறந்தே கிடந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள், வந்தார்கள். நாலு பையன் பெற்ற அம்மா சீப்போடு காத்திருந்தாள். சூயுன் அந்தச் சீப்பை மரியாதையாக வாங்கி ஃபாங்கின் கையில் வைத்தாள்.

"எனக்கு எதுக்குடி? நான் தொடலாமா..." என்று ஃபாங் பின்வாங்கினாள்.

"நீங்கதான் அக்கா."

சடங்கு சொல்லும் பெரியவர் முன்னோர் பெயர் எழுதிய பலகைகளுக்கு முன்னால் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஜோடி மண்டியிட்டது.

"மணமகன், தாவ் வீட்டு ஒரே மகன், தாவ் ஜெங்!" என்று ராகம் போட்டு முழங்கினார். தாவ் அம்மா "என் மகன்! என் மகன்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மணமகள், காவ் வீட்டு..." பெரியவர் நின்றார். "பொண்ணு பேர் என்ன? வென்லாங்ன்னு ஆம்பளைப் பேரைச் சொல்லி முன்னோரைக் கும்பிடக் கூடாதே."

யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. முன்னோருக்குப் பெயர் அறிவிக்க வேண்டியவர் தகப்பன். எல்லோரும் காவ் திங்கைப் பார்த்தார்கள். அவர் அம்மாவின் பெயர் எழுதிய பலகையை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அவ அம்மாவைக் கேளுங்க. பேர் வைக்க வேண்டியவ அவதான்."

சூயுன் முன்னால் வந்தாள். மனதுக்குள் எத்தனையோ அழகான பெயர்களை வைத்து இந்தப் பெண்ணைக் கொஞ்சியிருக்கிறாள். அவற்றில் ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை.

"அர்நியாங்" என்றாள்.

பெரியவர் புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டாமவளா? ஒத்தைப் பொண்ணுக்கு எதுக்கும்மா ரெண்டாமவன்னு பேரு? முன்னோர் முன்னால தப்பாச் சொல்லக்கூடாது. மூத்தவ எங்கன்னு கேட்டா?"

சூயுன் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"தப்பு இல்ல" என்றார் காவ் திங். குரல் உடைந்திருந்தாலும் கூடம் முழுக்கக் கேட்டது. "எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. சத்தமாச் சொல்லுங்க."

பெரியவர் குனிந்து வணங்கிவிட்டு, முன்னைவிட உரக்கச் சொன்னார்.

"காவ் வீட்டு இரண்டாம் மகள், அர்நியாங்!"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சூயுன் தன் ஓரகத்தியின் தோளில் முகத்தை வைத்து, இரண்டு மகள்களுக்கும் சேர்த்து, வாய்விட்டு அழுதாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அவளை அடங்கு என்று சொல்லவில்லை.